குங்குமத்துக்கு மேலே சந்தனம்

மருந்துக் கடைக்குப் போனாலும் சரி, ஜவுளிக்கடைக்குப் போனாலும் சரி, என் கண் முதலில் கூரை மூலைக்குத்தான் போகிறது. எந்த மூலையில் என்ன மாட்டியிருக்கிறார்கள், அதற்கு எது தெரியும், எது தெரியாது என்று பார்த்து முடித்த பிறகுதான் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன். என் மனைவி ரீட்டாவுக்கு இது பெரிய தலைவலி. "மாத்திர வாங்க வந்துட்டு மேல இன்னா தேடிக்கினு கீற? கடைக்காரன் உன்னியே திருடன்னு நெனச்சிக்கப் போறான்" என்பாள். நினைத்தால் நினைக்கட்டும். எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் முதலில் கூப்பிட்டு விசாரிப்பது அலாரம் மாட்டியவனைத்தான். அந்தப் பார்வை எனக்குப் பழகிப்போனது.

சமீபத்தில் உத்திரமேரூர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் ரீட்டா புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுக் கேமரா மாட்ட வந்த டெக்னீஷியன் ஒருவர் ஏணியில் நின்றிருந்தார். நானும் இதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் பேச்சுக் கொடுத்தார்.

"அங்கிள், உங்க காலத்து சென்சாரெல்லாம் இனிமே எடுத்துடலாம். இந்தக் கேமராவே ஆளா நாயான்னு பாத்து முதலாளி போனுக்கு மெசேஜ் போட்டுடும்."

"அது கண்ண எவனாவது மூடிட்டா இன்னா சொல்லும்?" என்றேன்.

சிரித்தார். பிறகு பின்பக்கக் கதவுக்கு மேலே இருந்த பழைய சென்சாரைக் காட்டினார். அதன் உச்சியில், விளிம்பை ஒட்டி, சின்னதாக ஒரு சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. "எல்லாத்துக்கும் நடுவுலதானே வெச்சிருக்காங்க? இதுக்கு மட்டும் ஏன் அங்கிள் உச்சியில வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். அவரிடம் பாதிதான் சொன்னேன். அதற்குள் ரீட்டா புடவையை எடுத்துவிட்டாள். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

மானாம்பதிப் பக்கம் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, காஞ்சிபுரத்தில் ஓரிக்கைப் பக்கம் அலுவலகம் வைத்திருந்த ஒரு செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் கம்பெனியில் ஒயர் இழுக்கிற ஆளாகச் சேர்ந்தேன். சுவரைத் துளைத்தேன், குழாய் பதித்தேன், சிமெண்ட் தூசி தின்றேன். சில வருடங்களில் சர்வீஸ் டெக்னீஷியன் ஆக்கினார்கள். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும். மீதியெல்லாம் சம்பந்தம் சாரிடம் கற்றது.

சம்பந்தம் சார் எங்கள் சர்வீஸ் மேனேஜர். ஒல்லியான ஆள், எப்போதும் முழுக்கைச் சட்டை. அவரிடம் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட முடியாது. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு சார்" என்றால், "யார் பாத்தது?" என்பார். "கரண்ட் போச்சு சார்" என்றால், அதற்கும் "யார் பாத்தது?" ஒரு அரிசி ஆலையில் அடிக்கடி சைரன் அலறியது. பல்லிதான் காரணம் என்று ஆலைக்காரர் சாதித்தார். "பல்லின்னா எச்சம் எங்க?" என்று கேட்டு, டார்ச்சை வைத்துச் சுவரெல்லாம் தேடினார் சார். எச்சம் இல்லை. கடைசியில் பார்த்தால், ஆலைக்காரரின் சொந்தப் பிள்ளையே அலாரம் போட்ட பிறகு பின்கதவைத் திறந்து சிகரெட் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். ஆலைக்காரருக்கு மூஞ்சி செத்துப்போனது. சார் சிரிக்கக்கூட இல்லை.

ஒரு கட்டடத்துக்கு வேலை பேசப் போனால் உள்ளே நுழைய மாட்டார். எதிரே நின்று டீ குடித்தபடி கட்டடத்தையே பார்ப்பார். "நான் இப்போ திருடன். எங்கிட்டப் பேசாத" என்பார். மாட்டி முடித்த பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரை ஒட்டி மெதுவாக நடப்பார், குனிந்து நடப்பார், தவழ்ந்தும் போவார். நான் சென்சாரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆளைக் கண்டால் அதில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். ஓரிடத்தில் எரியாமல் போனாலும் ஏணியைத் திரும்பவும் போடச் சொல்வார்.

இந்த சென்சார் என்பது உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. முன்னால் பால் நிறத்தில் வளைந்த தகடு ஒன்று இருக்கும். அதுதான் கண். மனித உடம்பின் சூடு நகர்வதை அது பார்க்கும். பார்த்தால் சைரன் அலறும், முதலாளியின் போனுக்குச் செய்தி போகும். அந்தத் தகட்டை எதையாவது பூசி மூடிவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. மூடினால் கத்துகிற வகையும் உண்டு. விலை கூடுதல் என்று எங்கள் பக்கம் யாரும் வாங்க மாட்டார்கள். கண் அவிந்த சென்சார் பழுது என்று சொல்லாது, யாரும் இல்லை, எல்லாம் நலம் என்றுதான் சொல்லும். "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றவனத்தான் மொதல்ல பாக்கணும் அந்தோணி" என்று சார் என்னிடம் சொன்னது இதை வைத்துத்தான்.

எங்கள் ஊர்களில் அந்தக் கண்ணுக்கு வருகிற ஆபத்து ஆயுத பூஜைதான். அன்றைக்குத் தராசிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் பெட்டியும் சுவரில் மாட்டிய கருவிதானே, அதை மட்டும் விடுவார்களா? அதனால் சிஸ்டத்தை ஒப்படைக்கும் நாளில் கட்டடப் பொறுப்பாளர் ஒருவரை மட்டும் சார் தனியே கூப்பிடுவார். "பூஜையன்னிக்கு இதுக்கு மட்டும் பொட்டு வெக்காதீங்க. சந்தனம் பூசினா கண்ணு மறைஞ்சிடும். உங்க ஆளுங்ககிட்ட வெக்காதன்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு சொல்லாதீங்க" என்பார். குருடாக்குகிற வழியை ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது என்பது அவர் கணக்கு. அப்போது எனக்கு இது அதிகப்படியாகத் தோன்றியது.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் ஒரு பட்டு நூல் கிடங்கு இருந்தது. நெசவுக்குப் போகும் பட்டு நூலும் ஜரிகையும் அங்கே இருக்கும். முதலாளி பக்திமான், நெற்றியில் எப்போதும் பட்டையாக விபூதி. கிடங்கைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் தனசேகர் முதலாளியின் தங்கை கணவர். அங்கே சிஸ்டம் மாட்டியது நாங்கள்தான். ஒப்படைத்த நாளில் சார் தனியே கூப்பிட்டுப் பொட்டு விஷயத்தைச் சொன்னது அந்த மேனேஜரிடம்தான். பின்பக்க ஜன்னலுக்கும் தனியாக ஒரு சென்சார் போடலாம் என்று சார் சொன்னார். அங்கேதான் மேலே ஒரு கண் இருக்கிறதே, போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அலாரத்தை நிறுத்தவும் போடவும் முதலாளிக்கு ஒரு கோட் நம்பர், மேனேஜருக்கு ஒரு கோட் நம்பர். யார் கோட் போட்டாலும் அவர் பெயர் முதலாளியின் போனில் விழும்.

ஒரு வருடம் ஆயுத பூஜை முடிந்து, மறுநாள் விஜயதசமி விடுமுறையும் கழிந்து, காலையில் கிடங்கைத் திறந்தால் ஜரிகைப் பெட்டிகளைக் காணோம். பின் ஜன்னலின் கம்பிச் சட்டம் ஸ்க்ரூ கழற்றப்பட்டுக் கீழே கிடந்தது. சைரன் அடிக்கவே இல்லை. சாரும் நானும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில்.

ஜன்னலுக்கு மேலே இருந்த எங்கள் சென்சாரைப் பார்த்தேன். கண் முழுக்க மஞ்சளாகச் சந்தனம் அப்பியிருந்தது, காய்ந்து ஓடு கட்டியிருந்தது.

"பாத்தீங்களா சார்?" என்றார் மேனேஜர். "பெருக்குறவ வேல. பூஜையன்னிக்கு இவதான் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சது. இதுல சந்தனம் பட்டா கண்ணு தெரியாதுன்னு நான் அவகிட்டப் படிச்சிப் படிச்சிச் சொன்னேன் சார். தெரிஞ்சிக்கினே அப்பிட்டு, புருஷன ஜன்னல் வழியா உட்டுகிறா."

தராசுக்குப் பக்கத்தில் தரையில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். கிடங்கைப் பெருக்கித் துடைக்கிறவள், ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வரும் இருளர் பெண். அன்று காலையிலேயே போலீஸ் வந்து அவள் கணவன் மாரியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்து அவளை ஏற்றிக்கொள்ள ஜீப் வரும் என்றார் மேனேஜர். அந்தக் குடியிருப்பு ஆட்கள் ஸ்டேஷனுக்குள் போனால் எப்படித் திரும்பி வருவார்கள் என்பது எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாததல்ல. செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்கள்.

"நான்தான் சார் பொட்டு வெச்சேன்" என்றாள். "தராசுக்கு வெச்சேன், பீரோவுக்கு வெச்சேன், ஃபேனுக்கு வெச்சேன், ஸ்டூலு போட்டு ஏறி அந்த வெள்ளப் பொட்டிக்கும் வெச்சேன். பொட்டுதான் சார் வெச்சேன். இப்பிடி அப்பல. அவர உட்டுடச் சொல்லுங்க சார். ஏரில மீன் புடிச்சிக்கினு இருந்தவர இட்டுனு பூட்டாங்க. அவருக்கு இன்னா தெரியும்?"

பொய் சொல்வானேன், நானும் அவளைச் சந்தேகப்பட்டேன். வேறு யார் ஏறியிருப்பார்கள்? வைத்தேன் என்று அவள் வாயாலேயே சொல்கிறாள். இந்தத் தொழிலில் வருடக்கணக்காக ஊறியவனுக்குப் பாவம் பார்க்கத் தோன்றுவதற்கு முன்னால் கணக்குப் போடத்தான் தோன்றுகிறது. அவள் ஊர்க்காரன், அவளைப் போலவே கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை நான். அன்று அவள் முகத்தைப் பார்க்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"மொதல்ல அத்தத் தொடச்சி ஓட வெய்ங்க. மறுபடி எவனாவது பூந்துட்டா பேஜாரு" என்று மேனேஜர் அவசரப்படுத்தினார். சரிதான் என்று நானும் ஏணி போட்டு, ஈரத் துணியோடு ஏறினேன்.

"கைய எடு" என்றார் சார்.

என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவரே ஏறினார். முகர்ந்து பார்த்தார். பிறகு சென்சாரின் முன்மூடியைத் தகட்டோடு கழற்றி, தட்டில் பிரசாதம் ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு இறங்கி, வெளிச்சம் விழுகிற மேஜைமேல் வைத்தார். முதலாளியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஒயர் சீவுகிற என் கத்தியை வாங்கி, காய்ந்த சந்தனத்தை ஓரத்திலிருந்து பெயர்க்க ஆரம்பித்தார். துடைக்கவில்லை, பொளந்து பொளந்து எடுத்தார். ஒவ்வொரு சில்லையும் திருப்பிப் பார்த்து வரிசையாக வைத்தார். மேனேஜர் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

நடுவில் ஒரு பெரிய சில்லு வந்தது. அதைத் திருப்பினார். பின்பக்கம் சிவப்பாக இருந்தது.

தகட்டைப் பார்த்தோம். சில்லு பெயர்ந்த இடத்தில் விரல் நுனி அளவுக்கு வட்டமாகக் குங்குமம். அதற்கும் அடியில், குங்குமத்தைச் சுற்றி, மெல்லிசாக ஒரு சந்தன வட்டம். மோதிர விரலால் ஒழுங்காக வைத்த பொட்டு அப்படியே இருந்தது.

சார் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலாளிதான் வாய் திறந்தார்.

"குங்குமத்துக்கு மேல சந்தனமா? எந்தப் பூஜையில எவன் வெப்பான் இப்பிடி?"

சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பதுதான் வழக்கம். கிறிஸ்தவனான எனக்கே அது தெரியும். அவள் பொட்டு வைத்து முடித்த பிறகு வேறொரு கை, பூஜை எண்ணமே இல்லாத ஒரு கை, அதன்மேல் அப்பியிருக்கிறது.

"ஏன், அவளே பொட்ட வெச்சிட்டு அப்பறமா வந்து அப்பியிருப்பா" என்றார் மேனேஜர்.

"இருக்கலாம்" என்றார் சார். கன்னியம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, இதுல சந்தனம் பட்டா என்ன ஆகும்?"

"இன்னா ஆவும் சார்? காஞ்சி உதுரும். அப்பறம் நான்தான் பெருக்கணும்."

"நடிக்கிறா சார். நான் சொன்னேன் அவகிட்ட."

"அவங்ககிட்ட மட்டும்தான் சொன்னீங்களா?"

"இல்ல, எல்லார்கிட்டயும் சொன்னேன்."

முதலாளி மெதுவாக நிமிர்ந்தார். "எங்கிட்டச் சொல்லலியே மாப்ள?"

மேனேஜர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"அன்னிக்கு நான் ஒவ்வொண்ணுக்கா கற்பூரம் காட்டிக்கினு வந்தேன். இந்தப் பொட்டிக்கும் காட்டனேன். அது மேல பொட்டு இருந்துச்சி. நீங்க தட்டப் புடிச்சிக்கினு பக்கத்துலதான நின்னீங்க? வெக்கக் கூடாததுன்னா அப்பவே ஏன் சொல்லல?"

"எங்கிட்ட கோட் கீது மச்சான்!" மேனேஜரின் குரல் உயர்ந்தது. "எனக்கு வேணும்னா முன்கதவத் தொறந்துக்கினு வருவேன். நான் ஏன் ஜன்னல் ஏறிக் குதிக்கணும்?"

"கோட் போட்டா உங்க பேரு இவர் போன்ல விழும்" என்றார் சார். அவ்வளவுதான் சொன்னார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஆட்கள் எல்லோரும் போன பிறகு, அவர் காரில் காத்திருந்தாராம். போனை மறந்துவிட்டேன் என்று மாப்பிள்ளை திரும்ப உள்ளே போனதும், அலாரம் போட்டுப் பூட்டிக்கொண்டு வந்ததும் அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அதை அவர் வாயாலேயே சொன்னார். மேனேஜர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஜீப் வரட்டும், இந்தச் சில்லையெல்லாம் எஸ்.ஐ. முன்னால் பரப்பிக் காட்டலாம், மாரியை விட்டுவிடுவார்கள், உள்ளே போகவேண்டியவன் போவான் என்று நினைத்தேன். எவ்வளவு வெகுளி நான்!

முதலாளி கதவைச் சாத்தினார். கண் கலங்கியிருந்தது. "சார், அவரு என் தங்கச்சி வூட்டுக்காரரு. அவரு உள்ள போனா என் தங்கச்சி நடுத்தெருவுக்கு வந்துடும். சரக்கு எங்க கீதுன்னு நான் அவர்கிட்ட வாங்கிக்கிறேன். வேற கெடங்குக்கு மாத்துனத எங்கிட்டச் சொல்ல மறந்துட்டாங்கன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டு கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கிடறேன். ஆனா அலாரம் ஏன் அடிக்கலன்னு கேப்பாங்க. உங்க பொட்டி ரிப்பேரு, அதான் அடிக்கலன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொட்டி நல்லாத்தான கீது? திருடுனது உங்க மாப்ள, பழி எங்க மேலயா? ஏன் சார், நாங்க இன்னா இளிச்சவாயன்களா?" என்று கத்திவிட்டேன். சார் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எழுதிக் குடுத்தா மாரிய விட்டுருவாங்களா?"

"ஒடனே சார். எஸ்.ஐ. எனக்குத் தெரிஞ்சவருதான்."

"குடுக்கலன்னா?"

முதலாளி எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "என் மாப்ள மேல நான் சொல்ல மாட்டேன். அப்பறம் அவங்க யார வெச்சி கேச முடிப்பாங்கன்னு... அது என் கையில இல்ல சார்."

சார் மேஜைமேல் கிடந்த சில்லுகளைப் பார்த்தார். அவர் மாட்டிய எந்தப் பெட்டியும் பழுது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை, சொல்ல அவர் விட்டதும் இல்லை. ஒரு ஸ்க்ரூ சாய்ந்திருந்தாலும் கழற்றி மாட்டுகிற மனுஷன். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். கன்னியம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஜீப் வருகிறதா என்று.

"மொதல்ல அந்த ஆள் இங்க வந்து நிக்கட்டும். அப்புறம் எழுதறேன்" என்றார் சார்.

முதலாளிக்குச் சுருக்கென்றது. "ஏன் சார், எம்மேல நம்பிக்க இல்லியா?"

"இல்ல" என்றார் சார்.

முதலாளி போன் பேசினார். நாங்கள் காத்திருந்தோம். டீ வந்தது, சார் தொடவில்லை. ஒரு போலீஸ்காரர் பைக்கில் மாரியைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கன்னியம்மா ஓடினாள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், அழக்கூட இல்லை. சார் அவனருகில் போய்ச் சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகைப் பார்த்தார். திரும்பச் சொல்லி முகத்தைப் பார்த்தார். காது ஓரம் வீங்கியிருந்தது.

"இது என்ன?" என்று போலீஸ்காரரிடம் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். கீழ வியுந்துட்டான்."

"யார் பாத்தது?"

சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் பார்த்த கோபமெல்லாம் சேர்ந்து அந்த இரண்டு வார்த்தையில் இருந்தது. பிறகு உள்ளே போய், எங்கள் கம்பெனித் தாளில், சென்சார் பழுது, பொருத்தியதில் எங்கள் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பழுது என்று எழுதிய பிறகு அந்த சென்சாரை அங்கே விட முடியாது. நன்றாக இருந்த பெட்டியைக் கழற்றிவிட்டு நான் புதிதாக ஒன்றை மாட்டினேன். கிளம்பும்போது கன்னியம்மாவும் மாரியும் கேட்டில் நின்றிருந்தார்கள். இந்தக் கிடங்குக்கு இனிமேல் வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாளாம். சாரைக் கும்பிட்டாள். கொஞ்சம் தயங்கி ஒன்று கேட்டாள்.

"சார், அப்ப அந்தப் பொட்டிக்குப் பொட்டே வெக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் வெச்சிட்டு அத்த மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்?"

குருடாக்குகிற வழியை ஒருவருக்கு மேல் சொல்லாத மனிதர் யோசித்தார். பிறகு, பெட்டிக்கு எது கண், அதை மூடினால் என்ன ஆகும் என்று ஒளிக்காமல் அவளுக்குச் சொன்னார். "பொட்டு வைம்மா, தாராளமா வை. கண்ணுல வெக்காத. மேல, நெத்தியில வை" என்றார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "சார், குங்குமத்தப் பாத்ததும் ஒரு நொடி என்னத் திரும்பிப் பாத்தீங்களே, ஏன்?"

"சந்தனம் பூசினா கண்ணு தெரியாதுன்னு உனக்கும்தானே தெரியும்" என்றார்.

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. அடங்கவும் செய்தது, ஏனென்றால் அதே நொடியில் நானும் அவரைத்தான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அன்றைக்குத்தான் சம்பந்தம் சார் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். "இப்பதான்டா நீ டெக்னீஷியன்" என்றார்.

கம்பெனி அவரைச் சும்மா விடவில்லை. கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட்டவரை எப்படி மேலே ஏற்றுவது என்று அவருக்கு வரவேண்டிய பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நான் மன்றாடினேன். சொன்னால் மாரியைத் திரும்பத் தூக்குவார்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் வாய் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சர்வீஸ் மேனேஜராகவே ஓய்வு பெற்றார். அந்தக் கம்பெனி மேல் எனக்கு இன்னமும் ஆறாத கோபம்தான்.

ஜவுளிக்கடைக்கு வருகிறேன். உச்சியில் அந்தப் பொட்டை வைத்தது யார் என்று கடைக்காரரிடம் கேட்டேன். பெருக்குகிற பெண்ணைக் காட்டினார். விளக்குமாறும் கையுமாக நின்ற அந்தப் பெண்ணிடம் போய், "ஏம்மா, ஏன் மேல வெச்ச?" என்றேன்.

"அது கண்ணு சார், மூடக் கூடாது. நெத்தியிலதான் வெக்கணும். எங்க ஏரிக்கரையில வேலைக்குப் போற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும், கன்னியம்மா அக்கா சொல்லிக் குடுத்துது" என்றாள்.

இருந்தாலும் பழக்கம் விடுமா? செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரை ஒட்டி, பின்கதவுப் பக்கமாக மெதுவாக நடந்தேன். பொட்டுக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது.